தறிக்குழியின் இரைச்சல்

“மாவு மில்லுக்கா போன் போட்டுட்டோம்னு கேக்குறாங்கம்மா, மாப்ள வூட்டுக்காரங்க. நான் இன்னா சொல்றது? இல்லீங்க, இது வரன் பாக்குற சம்பூர்ணம் வூடுதான், மில்லு இல்லன்னு சொன்னா சிரிக்கிறாங்க. சிரிச்சவங்க பொண்ணு எடுப்பாங்களா?”

“சத்தம் எந்நேரமும் இருக்குதாம்மா, இல்ல நடுவுல நிக்குதா?”

“கரண்டு போனா நின்னுடுது.”

“உங்க வூட்ல போனாவா, தெருவுக்கே போனாவா?”

“தெருவுக்கே போனாதான். எங்க வூட்டு மெயினை அணைச்சும் பாத்துட்டேன். அப்பவும் அதே இரைச்சல். நான் ஒண்ணும் விவரம் கெட்டவ இல்லம்மா.”

“அதைச் செஞ்சு பாத்தீங்களே, எனக்குப் பாதி வேலை மிச்சம்,” என்றாள் சுகாசினி.

பிள்ளையார்பாளையத்தில் செம்புக் கம்பியில் ஓடும் போன்கள் இப்போது மிகவும் குறைவு. மற்றவர்கள் செல்லுக்குப் போய்விட்டார்கள். சம்பூர்ணம் போகவில்லை. அவளுடைய நம்பரை ஊர்க்காரர்கள் காலண்டரின் பின்பக்கத்திலும் பீரோவின் உட்கதவிலும் எழுதி வைத்திருந்தார்கள். அதை மாற்றினால் பாதிக் கல்யாணங்கள் நின்றுபோகும் என்பது அவளுடைய நம்பிக்கை. இப்படி மிச்சமிருக்கும் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்டில் சுகாசினிக்கு வேலை. அவளோடு வருபவர் ஜோசுவா, கேபிள் ஒட்டுகிறவர். வயதில் மூத்தவர். சும்மா இருக்கத் தெரியாத வாய்.

சுகாசினி போனின் ரிசீவரைக் காதில் வைத்தாள். சத்தம் அடித்தொண்டையிலிருந்து வந்தது. வாயை மூடிக்கொண்டு யாரோ ஒரே சுரத்தைப் பிடித்தபடி இருப்பது போல. வீட்டு ஒயரைக் கழற்றிவிட்டு வெளிக்கம்பியில் கேட்டாள். அப்போதும் அதே சுரம். கோளாறு வீட்டில் இல்லை.

“அண்ணா, பெட்டியை எடுங்க.”

பெட்டி என்றால் தோளில் மாட்டக்கூடிய ஒரு மஞ்சள் பெட்டி. அதோடு ஒயரால் சேர்ந்த ஒரு கைத்தடி, தலையில் மாட்ட ஒரு ஹெட்போன். தடியின் நுனியில் வட்டமாகச் சுற்றிய செம்புச் சுருள். கரண்டு ஓடும் எதன் அருகில் பிடித்தாலும் அந்தச் சுருள் அதைக் காதுக்குக் கேட்கும் சத்தமாக மாற்றிவிடும். எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பெட்டியின் முகத்தில் ஒரு எண் காட்டும். எதையும் தொட வேண்டாம், தோண்ட வேண்டாம். நடந்தால் போதும்.

தெருமுனையிலிருந்து சுகாசினி நடக்கத் தொடங்கினாள். விடியற்காலையில் பெய்த மழை பள்ளங்களில் நின்றிருந்தது. தடியைத் தரையை ஒட்டிப் பிடித்து, டெலிபோன் கேபிள் புதைந்திருக்கும் ஓரமாகவே போனாள்.

“கிணறு தோண்ட, உள்ளங்கையில தேங்கா வெச்சிக்கினு நடப்பானே ஒருத்தன், அவனுக்குத் தங்கச்சி மாதிரி இருக்குறம்மா நீ,” என்றார் ஜோசுவா.

அவளுக்குக் கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டிவிட்டால் தெருவின் தறிச் சத்தம், சைக்கிள் மணி, ஜோசுவா எல்லாம் போய்விடும். மிஞ்சுவது கீழே ஓடுவது மட்டும். கண்ணுக்குத் தெரியும் தெருவுக்கு அடியில் இன்னொரு தெரு இருப்பதாகவும், அதில் யாரும் குடியில்லாமல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருப்பதாகவும் அவளுக்குச் சில சமயம் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஜோசுவா வருஷம் முழுவதும் அதை வைத்தே ஓட்டுவார்.

எண் ஏறியது. நீலச் சாயம் வழிந்த சாக்கடையைத் தாண்டியபோது இன்னும் ஏறியது. பச்சை வண்ணம் பூசிய ஒரு வீட்டின் முன் உச்சத்துக்குப் போய், அந்த வீட்டைத் தாண்டியதும் விழுந்தது. திரும்பி வந்தாள். மறுபடி ஏறி, மறுபடி அதே வாசலில் நின்றது.

“இங்கதான் மண்ணுக்குள்ள இறங்குது. மண்ணு வழியா வந்து நம்ம கேபிள் மேல இருக்குற தகரத்துல ஏறிக்கிது. அதான் சம்பூர்ணம்மா போன்ல பாடுது.”

“அப்போ திருட்டுக் கரண்டு. மீட்டரை ஏமாத்த ஒரு ஒயரை மண்ணுல விடுவானுங்க,” என்றார் ஜோசுவா.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். அந்த நினைப்போடுதான் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் காந்தா. ஐம்பதை நெருங்கும் பெண். கையில் உளுந்து ஒட்டியிருந்தது. டெலிபோன் வேலை, உங்கள் வீட்டிலிருந்து கரண்டு மண்ணுக்குப் போகிறது, உள்ளே பார்க்க வேண்டும் என்று சுகாசினி சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“நாங்க எதுக்கும்மா திருடணும்? கைத்தறிக்காரங்களுக்குக் கவர்மெண்ட்டே ஃப்ரீயா குடுக்குது. அதையே முழுசா எரிக்கிறதில்ல.”

“திருடுனீங்கன்னு சொல்லலம்மா. பாத்துட்டுப் போயிடறேன்.”

“யாரு காந்தா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. “வரச் சொல்லு. ஈரத்துல நிக்க வெச்சிக்கினு.”

“எந்த ஊரும்மா நீ?” என்றாள் காந்தா, வழிவிடாமல்.

“கூரம்.”

“கூரத்துல எங்க?”

இந்த இரண்டாவது கேள்வி வரும் என்று சுகாசினிக்குத் தெரியும். “பஸ் ஸ்டாப்லேருந்து உள்ள போகணும்மா,” என்றாள். வழக்கமான பதில். காந்தா ஒரு கணம் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

“ஷூவைக் கழட்டிடும்மா. உள்ள தறி இருக்குது.”

“ரப்பர் ஷூம்மா. கரண்டு வேலைக்குன்னு குடுத்தது.”

“இன்னாவா இருந்தாலும் தறிகிட்ட செருப்பு ஆவாது.”

கழற்றினாள். அவளுடைய அம்மா வீட்டிலும் அரிவாள்மணையைத் தாண்டிப் போக விடமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று.

புது டைல்ஸ் போட்ட வீடு. கூடத்திலிருந்து சமையலறை வரை ஒரே வெள்ளை, குளிர்ச்சி. பெரிய அறையில் மட்டும் தரை திறந்து கிடந்தது. தறிக்குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் இறக்கி, மிதிகளின் மேல் வைத்து நெய்துகொண்டிருந்தார் ராமலிங்கம். அவருக்கு முன்னால் அரக்குச் சிவப்பில் ஒரு கல்யாணப் புடவை பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது.

“வாம்மா. பட்டு மேல அந்த ஒயர் ஒரசாம பாத்துக்கோ. அவ்ளோதான்.”

தடியை நீட்டினாள். மீட்டர் பெட்டியருகே கொஞ்சம் சத்தம். சுவரோரம் கொஞ்சம். குழியின் பக்கம் திருப்பியதும் காதுக்குள் அடைத்துக்கொண்டு வந்தது. குறைக்கும் திருகை முழுக்கத் திருகியும் அடங்கவில்லை. எட்டிப் பார்த்தாள். குழியின் மூலையில், அவருடைய இடது காலிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பி அடித்திருந்தது. அதன் தலையில் ஒரு கறுப்பு ஒயர் சுற்றியிருந்தது.

கரண்டு ஒரு ஒயரில் வீட்டுக்குள் வந்து, இன்னொரு ஒயரில் திரும்பிப் போக வேண்டும். திரும்பும் ஒயர் அறுந்தால் விளக்கு எரியாது. ஆனால் மண்ணில் ஒரு கம்பியை அடித்து அதில் கட்டிவிட்டால் எரியும். மண்ணே திரும்பிப் போகும் ஒயராகிவிடும். மண் ஈரமாக இருந்தால் இன்னும் நன்றாக எரியும். இந்த வீட்டில் டைல்ஸ் போடாமல் மண் மிச்சமிருந்த ஒரே இடம் இந்தக் குழி.

“ஐயா, இந்தக் கம்பி எதுக்கு?”

“அதுவா? புயல் காத்துல போஸ்ட்லேருந்து வர்ற ஒயர் ஒண்ணு பிச்சிக்கிச்சு. வூடே இருட்டு. எம்புள்ள பிரேம்நாத்துதான் இதை அடிச்சு ஒரு அர மணி நேரத்துல லைட்டு எரிய வெச்சான். ஐடிஐ முடிச்சவன். ஒரகடத்துல கம்பெனியில இருக்கான். ஒயர்மேன் லைசென்ஸுக்குக் கூட எழுதிப் போட்டிருக்கான்.” ஊடை நூல் சுற்றிய நாடாவை இந்தப் பக்கம் தள்ளி அந்தப் பக்கம் வாங்கினார். “கால்தான் எனக்குத் தொந்தரவு. அதுக்கு எதுனா மெஷின் வெச்சிருக்கிறியா?”

“காலுக்கு இன்னா?”

“எறும்பு. உள்ளங்கால்லேருந்து முட்டி வரைக்கும் ஊருது. சில நேரம் ஊசி குத்துற மாதிரி. எங்க அண்ணனுக்கு இப்டிதான் ஆரம்பிச்சுது. சுகர். கடைசியில வெரலை எடுத்தாங்க.”

“டெஸ்ட் எடுத்தீங்களா?”

“எடுத்தா இருக்குதுன்னு சொல்லுவான். சோத்தை விட்டுட்டேன், வெந்தயம் தின்றேன், தைலம் தடவுறேன். இந்தப் பாவு நூல் முடிஞ்சா தறியை நிறுத்திட்டுக் குழியை மூடிடலாம்னு இருக்கேன். பையன் கூட போன மாசம் சுகர்காரங்க போடுற செருப்பு வாங்கியாந்தான். தடியா, மெத்துன்னு. குழியில போட்டுக்கினு உக்காருன்றான். செருப்போட தறியில எறங்குறதா? புத்தி இருக்குதான்னு திட்டிட்டேன்.”

சுகாசினி தடியைக் கம்பியருகே கொண்டுபோகக் குழியின் படியில் ஒரு காலை வைத்தாள். வெறுங்கால். அந்த நேரம் சமையலறையில் காந்தா கிரைண்டரைப் போட்டாள்.

மூன்றும் ஒன்றாக நடந்தன. ஹெட்போனில் இரைச்சல் ஒரு படி உயர்ந்தது. படியில் வைத்த அவளுடைய பாதத்தில் குளிர்ந்த முட்கள் போல ஏதோ ஏறியது. ராமலிங்கம் இடது காலை மிதியிலிருந்து வெடுக்கென்று தூக்கினார்.

“பாத்தியா, வந்துடுச்சு,” என்றார், காலைத் தேய்த்தபடி. “காலையில இந்நேரத்துக்குத் தெனம் வரும்.”

தினமும் காலையில் இந்நேரத்துக்குத்தான் காந்தா மாவு அரைப்பாள் போலிருக்கிறது. சுகாசினி காலை எடுத்துக்கொண்டாள்.

“அம்மா, கிரைண்டரை நிறுத்துங்க. ஐயா, நீங்க மேல வந்துடுங்க. எந்த இரும்பையும் தொடாதீங்க. ரெண்டு காலையும் ஒண்ணாத் தூக்கிட்டு வாங்க.”

“இப்பவா? கரை சேக்குற எடம்மா இது. இப்போ விட்டா நாளைக்கு வேற ஆளு நெய்ஞ்ச மாதிரி வரும். இந்த ஊடை நூல் முடியட்டும்.”

“ஐயா, அது சுகர் இல்லன்னு நெனைக்கிறேன். முதல்ல மேல வாங்க.”

“டாக்டருக்கும் படிச்சிருக்கியா,” என்று சிரித்தார். காலை மறுபடி இறக்கினார்.

மாடியிலிருந்து யாரோ இறங்கி வரும் சத்தம். பிரேம்நாத். இரண்டாவது ஷிஃப்ட்காரன், தூங்கி எழுந்த முகம். கடைசிப் படியில் நின்று அவளுடைய கையிலிருந்த தடியைப் பார்த்தான். தடி நீட்டியிருந்த திசையைப் பார்த்தான். பிறகு நேராக மீட்டர் பெட்டிக்குப் போய் ஃப்யூஸைப் பிடுங்கினான். ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. ஹெட்போனில் எதுவும் இல்லாமல் போனது.

யார் நீங்கள், என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவே இல்லை. அது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

பெட்டியையும் தடியையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து ஜோசுவாவிடம் சொன்னாள். அவர் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. “கால் கீழ இருக்கச்சயேவா,” என்றார். போஸ்ட்டில் ஏற லைன்மேனைக் கூட்டிவர வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எதிர்ப்பக்க வீட்டு வாசலிலிருந்து சம்பூர்ணத்தின் குரல் வந்தது.

“ஏம்மா, நின்னுடுச்சும்மா சத்தம். கண்ணாடி மாதிரி கேக்குது. யாரு வூட்ல கோளாறு?”

“பாத்துக்கினு இருக்கோம்மா.”

“காந்தா வூட்லயா? அந்தப் பையனுக்குத்தான் ஒரு ஜாதகம் வெச்சிருக்கேன், வாலாஜாபாத் பக்கம். அவன் வெளிய வந்தா சொல்லு.”

பிரேம்நாத் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். கதவை இழுத்துச் சாத்தினான். சம்பூர்ணம் உள்ளே போகும்வரை காத்திருந்தான்.

“ரெண்டு நாளைக்குன்னுதான்க்கா கட்டினேன். மழைக்காலத்துக்கு முன்னாடி. பாவு பாதியில நிக்குது, கல்யாணத் தேதி குறிச்ச பொடவை. லைட்டு இல்லாம நெய்ய முடியாது.”

“குழியிலயா கட்டுவீங்க?”

“டைல்ஸை ஒடைக்க அம்மா விடல. வாசல்ல சிமெண்ட்டு. மண்ணுன்னு இருந்தது அது ஒண்ணுதான். ஈரமும் இருந்துச்சு.” குரலைத் தாழ்த்தினான். “எர்த்துன்னா ஷாக் அடிக்காதுன்னுதான மனசுல ஊறிப்போயிருக்குது. எர்த்துலயே மொத்தக் கரண்டையும் விட்டா இன்னா ஆவும்னு அன்னிக்குத் தோணல.”

“செருப்பு எதுக்கு வாங்கினீங்க?”

“சுகருக்கு.”

சாயச் சாக்கடையில் நீலம் போய்ச் சிவப்பு வந்துகொண்டிருந்தது. மேலே எங்கோ வேறு நிறம் தோய்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

“சுகருக்குன்னுதான் கடையில கேட்டேன்,” என்றான். “ரப்பர்தானேன்னும் நெனச்சேன்.”

“அப்பவே கம்பியைப் புடுங்கியிருக்கலாமே.”

“புடுங்குன அன்னிக்கே எறும்பு நின்னுடும்ல. நின்னா அது நான்தான்னு ஆயிடும்.” கைகளைப் பனியனில் துடைத்தான். ஈரம் எதுவும் இல்லை. “அவரே சுகர்னு சொல்லிக்கினு இருந்தாருக்கா. தெனமும் சொன்னாரு. கேட்டுக் கேட்டு, ஒருவேளை சுகராத்தான் இருக்கும்னு நானும் தூங்கிட்டேன். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போதெல்லாம் வாசல்ல செருப்பு இருக்குதான்னு பாப்பேன். அதே எடத்துல அட்டைப் பெட்டியோட இருக்கும்.”

திட்ட வேண்டும் போலிருந்தது. குழியில் இறங்கிய அந்தக் கால்கள், மேல் தோல் வெளுத்து, விரல்கள் விரிந்து, மிதியைத் தேடி வைத்த விதம்தான் கண்ணில் நின்றது. இன்னும் கொஞ்சம் மழை பெய்திருந்தால், அல்லது அவர் ஒருமுறை நிலை தடுமாறி அந்தக் கம்பியைப் பிடித்திருந்தால்.

“நைனாகிட்ட சொல்லாதீங்கக்கா,” என்றான். அப்பாவைத்தான் அவன் நைனா என்றான். “இன்னிக்கே போஸ்ட்ல சரி பண்ணிட்டுக் கம்பியை எடுத்துடறேன். ரெண்டு நாள்ல கால் சரியானா தைலம் கேட்டுச்சுன்னு நெனச்சிக்கட்டும். கேபிள்லதான் கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க. தெருவுல எல்லார்கிட்டயும் எம்புள்ள எம்புள்ளன்னு சொல்லிக்கினு திரியிறவரு.”

அவளுடைய வேலை சத்தத்தை நிறுத்துவது. அது நின்றுவிட்டது. மஞ்சள் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க வெந்தயத்தைத் தின்றுகொண்டு, அண்ணனுடைய விரலை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு இரவும் பாதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு இருப்பார். இல்லாத நோய்க்காகக் குழியையும் மூடிவிடுவார். சொன்னால் அந்தக் கால்கள் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அதே நேரத்தில் வேறொன்று போய்விடும். எது பெரியது என்று அவளால் எடை போட முடியவில்லை. அந்த வீட்டுக்குள் அவள் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“பெட்டியை உள்ளயே வெச்சிட்டு வந்துட்டேன்,” என்று மட்டும் சொன்னாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ராமலிங்கம் மேலே ஏறியிருந்தார். குழியின் விளிம்பில், டைல்ஸின் மேல், இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். காந்தா அவருக்கருகில் முந்தானையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். விளக்கில்லாத அறையில் புடவையின் சிவப்பு கறுப்பாகத் தெரிந்தது. அவர் ஒரு பாதத்தை மடக்கித் தூக்கி, உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய பொருளைப் பார்ப்பவர் போல.

“நின்னுடுச்சும்மா,” என்றார், நிமிராமல். “பையன் ஃப்யூஸைப் புடுங்கினான் பாரு, அந்த நிமிஷமே. கால் ரெண்டும் குழிக்குள்ளதான் இருந்துச்சு. ஒரு எறும்பு இல்ல. அதுக்கப்புறமும் ரொம்ப நேரம் உள்ளயே வெச்சிக்கினு பாத்தேன்.”

“நைனா, அது கேபிள்ல ஒரு…” என்று பிரேம்நாத் பின்னாலிருந்து தொடங்கினான்.

“நீ இரு.” கோபம் இல்லாத குரல். “ஃப்யூஸைப் புடுங்கினா சுகர் நிக்குமாம்மா?”

சுகாசினி சுவரில் சாய்த்திருந்த தடியை எடுத்தாள். எடுத்த பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். ராமலிங்கம் முதல்முறையாக மகனைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, தலையில் மாட்டும் அந்த ஹெட்போனுக்காகக் கையை நீட்டினார்.

“அவன் ஃப்யூஸைத் திரும்பப் போடட்டும். நான் மேலயே உக்காந்துக்கறேன். நீ அந்தத் தடியைக் கம்பிகிட்ட பிடிம்மா. மழைக்காலத்துக்கு முன்னாடிலேருந்து என் கால்ல இன்னா ஓடிக்கினு இருந்துச்சுன்னு நானும் ஒருவாட்டி கேக்கணும்.”